பின்னால் பார்க்காத டிரைவர்

அவர் நடந்து போகும்போது பின்னாலிருந்து கூப்பிட்டால் நின்றுவிடுவார், திரும்ப மாட்டார். கூப்பிட்டவர் சுற்றி வந்து, முகத்துக்கு நேரே நின்று விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் கொடிக்கம்பம் மாதிரி நிற்பார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. "டிரைவரே!" என்று கத்திவிட்டு ஓடிவிடுவார்கள். அவர் நின்றுகொண்டே இருப்பார். அந்தப் பக்கம் போகிற யாராவது, "பசங்க வேலைண்ணே, நீங்க போங்க" என்று சொன்னால்தான் கால் நகரும்.

எனக்கு நேர்மாறான வியாதி. நான் பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறவன். கதவைச் சாத்தினேனா, அடுப்பை அணைத்தேனா, பின்னால் வருகிற லோரி ஓரமாக வருகிறதா. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட, நான் இல்லாத நேரத்தில் வீட்டில் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் பாதிக் காரணம். மீதிக் காரணம் கணக்கு. இப்படிப்பட்ட நான் அப்படிப்பட்டவருக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஒரு வருஷம் வேலை செய்தேன். என் தலை சீக்கிரமே நரைத்ததற்கு அவர்தான் பொறுப்பு என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

எங்கள் தோட்டம் தாப்பா டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ரப்பர்த் தோட்டம். வெள்ளைக்காரத் துரைக்கு அவர் காடி ஓட்டினார். காடி என்றால் எங்கள் பக்கத்தில் கார். வேலைக்குச் சேர்த்த அன்றைக்கே துரை சொன்ன சட்டம் ஒன்றே ஒன்று: பின் சீட்டில் யார் ஏறினாலும் இறங்கினாலும், அழுதாலும் குடித்தாலும், டிரைவர் பார்ப்பது ரோட்டை மட்டும்தான். வேறொருவராக இருந்தால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சட்டத்தையும் சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டியிருப்பார். இவர் அதைக் கழுத்தோடு வைத்துத் தைத்துக்கொண்டார்.

கல்யாணத்தின்போது அக்னியைச் சுற்றி வந்த கதையை அவர் மனைவியே எங்களிடம் சொல்லியிருக்கிறார். "நான் பாதியில கைய விட்டுட்டு வீட்டுக்குப் போயிருந்தாலும், மூணு சுத்தும் சுத்தி முடிச்சிட்டுத்தான்லா நின்னிருப்பாரு இந்த மனுசன்."

துரையையே ரோட்டில் விட்டுவிட்டுப் போன கதைதான் பெரிய கதை. ஈப்போவுக்குப் போகிற வழியில், கம்பார் தாண்டி, துரை வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு மரத்தடிக்கு ஒதுங்கியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு லோரி உரசுகிற மாதிரி போக, அந்தக் காற்றில் திறந்திருந்த கதவு 'டப்'பென்று சாத்திக்கொண்டது. கதவுச் சத்தம் கேட்டால் கிளம்ப வேண்டும். கிளம்பிவிட்டார். ஈப்போவில் கிளப்பு வாசலில் நிறுத்தி, இறங்கி, கண்ணைத் தரையில் வைத்தபடி பின் கதவைத் திறந்து, சலாம் வைத்து, ஒரு ஆள் இறங்குகிற நேரம் பொறுத்து, கதவை மரியாதையாகச் சாத்தினார். துரை அந்திக்கு மேல் ஈயம் ஏற்றுகிற லோரியில் வந்து சேர்ந்தார், முழங்கால் வரை செம்மண்ணோடு. வேலை போச்சு என்று எல்லாரும் நினைத்தோம். துரை சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தார். தன்னையே பார்க்காதவன் தன்னோடு வருகிறவர்களையா பார்க்கப் போகிறான்?

அதுவரை எங்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ஒரு நாள் காலைப் பிரட்டுக்குப் போனபோது, ஆள்கணக்கு எடுக்க வேண்டிய கிராணி, "இனிமே வேலை இல்லை" என்று சொல்லிவிட்டு, எங்களைப் பார்க்க முடியாமல் ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விலை பேசினது, அளந்தது, கை குலுக்கினது எல்லாமே அந்தக் காடியின் பின் சீட்டில்தான் நடந்தது என்று பிறகு தெரிந்தது. வாரக்கணக்கில் அவர்தான் ஓட்டியிருக்கிறார். துரை பேசுகிற இங்கிலீஷ் அவருக்கு எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் புரியும். எங்களை வேலை வாங்கின மேஸ்திரி, பழைய மண்டோர், அவர் முகத்துக்கு முன்னால் போய் நின்று கேட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? வேற எடத்துல வேலை தேடியிருப்போமே. நீயும்தானே நடுத்தெருவுல நிக்கிறே?"

"நான் ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அவர்.

திமிராகச் சொல்லவில்லை. உண்மையாகவே அதுதான் பதில் என்று நினைத்துச் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. தன் வேலைக்கும் வீட்டுக்கும் குழி தோண்டுவதற்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், கதவைத் திறந்துவிட்டு, சலாமும் வைத்திருக்கிறார்.

எங்கள் துண்டை வாங்கினவர் ஈப்போத் தவுக்கே ஒருவர், சீன முதலாளி. ரப்பரை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் கன்று வைத்தார். கன்று வளருகிற வரைக்கும் வரிசைக்கு நடுவில் இருக்கிற வெற்று நிலத்தில் நாங்கள் சோளமும் கடலையும் போட்டுக்கொள்ளலாம், குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலும் இருந்துகொள்ளலாம் என்றார். பதிலுக்கு இரண்டு நிபந்தனை. லாலாங் புல் தலைகாட்டக் கூடாது. செம்பனைக் கன்றில் ஒரு கீறல் விழக் கூடாது. இரண்டில் எது தப்பினாலும் சோளமும் போச்சு, வீடும் போச்சு.

மண்வெட்டியால் கொத்தி லாலாங்கை ஜெயிக்க முடியாது என்பதால் தவுக்கே ஒரு பழைய டிராக்டரும் கல்டிவேட்டரும் அனுப்பினார். கல்டிவேட்டர் டிராக்டரின் பின்னால் மாட்டுகிறது. இரும்புச் சட்டத்தில் வளைந்த பற்கள் தொங்கும். சோள வரிசை பற்களுக்கு இடையில் போகும்படி ஓட்டினால், பற்கள் வரிசைகளுக்கு நடுவில் இருக்கிற களையை மட்டும் கிளறிப் போட்டுக்கொண்டே வரும். அரை அடி விலகினால் களை நிற்கும், சோளம் வந்துவிடும். எங்கள் நிலமோ சரிவு. டிராக்டர் நேராகப் போனாலும் பின்னால் இருக்கிறது சறுக்கிக் கீழ்ப்பக்கம் இழுக்கும். ஓட்டுகிறவன் பாதி நேரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும்.

லைசென்ஸ் இருந்தது அவர் ஒருத்தரிடம்தான்.

முதல் நாள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தோம். அவர் துவைத்து மடித்த வெள்ளை உடுப்பில் வந்தார். டிராக்டரின் பக்கக் கண்ணாடியை மேலே திருப்பினார்.

"ஏண்ணே, அது பின்னால பாக்கறதுக்குலா?" என்றேன்.

"மழை வருதான்னு பாக்கலாம்" என்றார்.

எனக்குக் கொடுத்த வேலை, பின்னாலேயே நடந்து பற்களில் சிக்குகிற லாலாங் வேரை எடுத்துவிடுவது. டிராக்டர் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அவருக்கு முன்னால் எல்லாம் அழகாக இருந்தது. பின்னால், நட்டு மூன்று வாரமான சோளம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. நான் ஓடினேன்.

"அண்ணே! நிறுத்துங்கண்ணே! சோளம் வருதுண்ணே!"

வரிசை முடிகிற இடத்தில் கல்டிவேட்டரைத் தூக்கி, ஆள் நடமாட்டமில்லாத அந்தப் பொட்டல் காட்டில் கையை வெளியே நீட்டிச் சிக்னல் காட்டி, திருப்பி, அடுத்த வரிசையையும் அதேபோல் முடித்துவிட்டு வந்து நின்றார்.

மண்டோர் பல்லைக் கடித்துக்கொண்டு, "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"ரோடு நல்லா இருக்கு. போக்குவரத்து கம்மி."

அன்று சாயங்காலம் பழைய பிரட்டுக் களத்தில் கூடினோம். சோளம் போனால் சோறு போச்சு, களை நின்றால் வீடு போச்சு. ஒருத்தர் அவரை நிறுத்திவிடலாம் என்றார். அப்புறம் யார் ஓட்டுவது? இன்னொருத்தர் டிராக்டரைப் பின்பக்கமாகவே ஓட்டச் சொல்லலாம் என்றார். அவரை உட்காரச் சொல்லிவிட்டோம். கடைசியில் டிரைவரின் மனைவி எழுந்தார். எல்லாருக்கும் அக்கா.

"பின்னால இருந்து வார உத்தரவை அவரு கேப்பாரு. ஆனா உக்காந்துகிட்டுச் சொல்லணும். நின்னுகிட்டுச் சொன்னா காது கேக்காது."

"என்னாக்கா சொல்றீங்க?"

"வீட்டுல அரிசி வாங்கிட்டு வாங்கன்னு ஆயிரந் தடவ நின்னுகிட்டுச் சொன்னாலும் ஆளு அசையாது. சைக்கிள் கேரியர்ல பின்னால ஏறி உக்காந்துட்டா, லெப்டுன்னா லெப்டு, நில்லுன்னா நில்லு. அரிசிக் கடைக்கு நான் அப்படித்தான்லா கூட்டிட்டுப் போறேன்."

அக்கா உட்கார்ந்துவிட்டார். மறுநாள், பூட்டிக் கிடந்த ஆபீஸின் உடைந்த ஜன்னல் வழியாகத் துரை உட்கார்ந்த மர நாற்காலியை எடுத்து வந்து, டிராக்டருக்குப் பின்னால் கல்டிவேட்டர் சட்டத்தின் மேல் கம்பி போட்டுக் கட்டினோம், பற்களையும் வரிசையையும் பார்க்கிற மாதிரி பின்புறம் திருப்பி.

அதில் யார் உட்காருவது? நாங்கள் அத்தனை பேரும் துரை போய்த் தொலைந்தான் என்று முந்தின வருஷம்தான் கிடா வெட்டிச் சாப்பிட்டவர்கள். நாற்காலியைக் கட்டின உடனே ஆளுக்கு ஆள் சண்டை. குரல் பெரிசு என்று மண்டோர் ஏறிக்கொண்டார். உண்மையிலேயே டிராக்டர் அவர் சொன்னபடி கேட்டது. ஆனால் உயரத்தில் உட்கார்ந்தவுடன் மண்டோருக்குச் சோளம் தெரியவில்லை. யார் குனிந்து வேலை செய்கிறார்கள், யார் வெற்றிலை போடுகிறார்கள் என்பதுதான் தெரிந்தது. "ஏய், அங்க என்னா பேச்சு?" என்று அவர் காட்டையே மேய்த்துக்கொண்டிருக்க, டிராக்டர் சொல்லாத பக்கத்தில் சோளத்தை வாரிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் எங்கிருந்தோ ஒரு தொப்பி கொண்டுவந்து போட்டுக்கொண்டார். அவருடைய சொந்த மனைவியே கூடையை இறக்கிவைத்துவிட்டு எழுந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். நல்ல வேளை, வெட்டாமல் விட்டிருந்த ஒரு ரப்பர் மரக்கட்டையில் சக்கரம் ஏறி, மண்டோர் லாலாங்குக்குள் போய் விழுந்தார். டிரைவர் போய்க்கொண்டே இருந்தார்.

"இவன உக்கார வைங்க" என்று அக்கா என்னைக் காட்டினார். "இவன்தான் எப்பவும் என்னா ஆகுமோ என்னா ஆகுமோன்னு பின்னாலயே பாத்துக்கிட்டு இருப்பான்."

என் வாழ்க்கையில் என் பயத்துக்கு ஒரு பதவி கிடைத்தது அதுதான் முதல் தடவை.

ஏறி உட்கார்ந்தேன். ஒவ்வொரு சோளக் கன்றும் எனக்குத் தெரிந்தது. சறுக்குவதற்கு முன்னாலேயே சறுக்கப் போகிறது என்று வயிறு சொன்னது. "அண்ணே, கொஞ்சம் லெப்டு எடுங்கண்ணே" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. "அண்ணே!" ஒன்றும் இல்லை. வரிசை போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் உறைத்தது, துரை எந்தக் காலத்தில் அவரை அண்ணே என்று கூப்பிட்டார்?

என்னைவிட வயதில் பெரியவர். அவர் பிள்ளை என் பிள்ளையோடு விளையாடுகிறது. இருந்தாலும், "லெப்டு" என்றேன்.

டிராக்டர் ஒரு தலைமுடி அளவுக்கு இடப்பக்கம் நகர்ந்தது. பற்கள் வரிசைக்கு நடுவே போய் விழுந்தன. களை புரண்டது; சோளம் அசையாமல் நின்றது. "ரைட்டு. நேரா. தூக்கு. எறக்கு." நான் சொல்லச் சொல்ல அவர் ஓட்டினதைப் போல யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. செம்பனைக் கன்றுகளைச் சட்டை உரசாமல் தாண்டிப் போனார். சாயங்காலம் நிறுத்திவிட்டு இறங்கி வந்து, இல்லாத கதவைத் திறந்துவிட்டு, தரையைப் பார்த்தபடி நின்றார். நான் இறங்கி, "மன்னிச்சுக்குங்கண்ணே" என்றேன். தினமும் சொல்வேன். அதற்கும் பதில் கிடையாது. அப்போது நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த மாதிரி முதல் போகம் தப்பித்தது. இரண்டாவது போகத்தில் மேட்டுச் சோளம் ஆளுயரம் வளர்ந்து பால் பிடித்தது. முற்றவிட்டுக் காயவைத்து, கோழிப் பண்ணைக்குத் தீவனமாகப் போடுவது என்று பேச்சு. பள்ளத்தில் பிந்திப் போட்ட கடலைக்கு அப்போதுதான் களை ஓட்டுகிற நேரம். அந்தச் சமயத்தில் தவுக்கேயின் மேனேஜரும் கூட ஒரு வக்கீலும் ஈப்போவிலிருந்து வந்தார்கள். மழையில் ரோடு சேறு. அவர்கள் காடி உள்ளே போகவில்லை. கல்டிவேட்டரைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியை மாட்டி, இரண்டு பேரையும் அதில் உட்கார வைத்து டிரைவர் காட்டைச் சுற்றிக் காட்டினார். டிராக்டர் இரைச்சலில் அவர்கள் இங்கிலீஷில் கத்திக் கத்தி ரகசியம் பேசிக்கொண்டு போனார்கள். லயத்தில் ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. போகும்போது மேனேஜர் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்.

எனக்கு அந்த மிட்டாய் பிடிக்கவில்லை. இந்த மேனேஜர் அதற்கு முன்னால் மிட்டாய் கொடுத்ததே இல்லை. டிரைவரைப் போய்க் கேட்கலாம் என்றால், என்ன பதில் வரும் என்று தெரியும்.

மறுநாள் காலை கடலைக் காட்டில் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "போ" என்றேன். டிராக்டர் உறுமிக்கொண்டே நின்றது. "போ" என்றேன் மறுபடியும். நகரவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டார்.

முன்பக்கம் பார்த்தபடியே, "உத்தரவு போடுங்க" என்றார்.

"போட்டேனே. போ."

"அது இல்லே. வேற உத்தரவு."

"என்னா உத்தரவுண்ணே?" வாய் தவறி வந்துவிட்டது.

அவர் கழுத்துக்குப் பின்னால் வியர்வை இறங்கி வெள்ளைக் காலருக்குள் போவதைத் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு காலையில் வெயிலே இல்லை. அந்த வியர்வையைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. தானாகச் சொல்ல அவரால் முடியாது. கேட்டால்தான் சொல்ல முடியும். அதுவும் இந்த நாற்காலியிலிருந்து கேட்டால்தான்.

"நேத்து என்னா பேசினாங்க? சொல்லு" என்றேன்.

சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். முதலில் இங்கிலீஷில், அப்புறம் தமிழில். எங்கள் புண்ணியத்தில் லாலாங் ஒழிந்து நிலம் சுத்தமாகிவிட்டது. நல்ல விலைக்கு ஆள் வந்திருக்கிறது. ஆனால் நிலத்தில் யாரும் பயிர் வைத்திருக்கக் கூடாது என்பது வாங்குகிறவர்கள் நிபந்தனை. அடுத்த வாரம் வந்து, சோளம் முற்றுவதற்குள் இதே டிராக்டரை வைத்தே எல்லாவற்றையும் உழுது தள்ளிவிடலாம், இதே டிரைவரே போதும். "இந்த எடத்துல ரெண்டு பேரும் சிரிச்சாங்க" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "அப்புறம் வக்கீலு இருமினாரு."

"வேற?"

"அவ்வளவுதான்."

நான் நாற்காலியிலிருந்து குதித்து லயத்துக்கு ஓடினேன். முற்றுகிற வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை. பாலோடு இருந்த கதிரையெல்லாம் ஒடித்தோம். பெண்கள் பெரிய அண்டாக்களில் அவித்தார்கள். தாப்பா பஸ் நிறுத்தத்தில் மேலே கேமரன் மலைக்குப் போகிறவர்களும் இறங்கி வருகிறவர்களும் சுடச்சுட வாங்கித் தின்றார்கள். கோழிக்குப் போக வேண்டியது மனிதர்களுக்குப் போனதில் எங்களுக்கு லாபம்தான். கடலையைக் காப்பாற்ற முடியவில்லை. அது பூக்கக்கூட இல்லை.

சொன்ன வாரத்தில் மேனேஜர் வந்தார். மொட்டைத் தட்டையாக நின்ற சோளக் காட்டைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் கூடி நின்றோம். டிராக்டரில் டிரைவர் வெள்ளை உடுப்போடு, கைகளை ஸ்டீரிங்கில் வைத்து, முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார். மேனேஜர் டிராக்டருக்கு முன்னால் போய் நின்றார். அவருக்கும் தமிழ் வரும்.

"இவங்களுக்கு யாரு சொன்னது?"

"நான்தாங்க."

கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். அக்கா என்று நினைக்கிறேன்.

"ஒனக்கு என்னா தைரியம்?"

"தைரியம் இல்லீங்க. உத்தரவுங்க."

"யாரு உத்தரவு போட்டது?"

"பின்னால உக்காந்திருந்தவருங்க."

மேனேஜர் சுற்றிப் போய் நாற்காலியைப் பார்த்தார். கம்பியை இழுத்துப் பார்த்தார். திரும்ப முன்னால் வந்தார். "அதான் கேக்கறேன். யாரு அது?"

"தெரியாதுங்க. நான் பாக்கல."

"தினமும் ஒனக்குப் பின்னால ஒக்காந்திருக்கான், யாருன்னு தெரியாதா?"

"நான் ரோட்டைத்தாங்க பாப்பேன்."

மேனேஜர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் பொய் இருந்தால் கண்டுபிடித்திருப்பார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தார். என் தலை தானாகக் குனிந்து தரையில் எதையோ தேடியது. என் பக்கத்தில் நின்ற மண்டோர், முதல் தடவையாக, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்கு" என்று மேனேஜர் டிரைவரிடம் சொன்னார். "ஒனக்கு வேலை இல்லே. சாவியைக் கொடு."

அவர் இறங்கினார். சாவியைக் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார். லயத்துக்குப் போகிற வழி எங்களைத் தாண்டித்தான் போகிறது. மேனேஜர் டிராக்டரில் ஏறிச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். இஞ்சின் இருமியது.

டிரைவர் என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். இத்தனை நாளில் என்னை அவர் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. உதடு அசையாமல் சொன்னார்.

"தலைய நிமிரு தம்பி. ஒம் மூஞ்சியே காட்டிக் கொடுத்துரும்."

நிமிர்ந்தேன்.